கோயில் காணிப் பற்றை: இந்த முறை மூன்று மாரிக்கும் சேர்த்துக் கேட்கிறோம்

அன்பான ஊர் உறவுகளுக்கு,

2019 ஆவணியில் இதே குழு உங்களிடம் காசு சேர்த்தது, ஞாபகம் இருக்கும். பெக்கோ மெசின் பிடித்து, இரண்டே நாளில் பிள்ளையார் கோயில் காணி நாலு ஏக்கரையும் வழித்துத் துடைத்து, வெறும் தரையில் வரிசையாக நின்று படம் எடுத்து வட்ஸ்அப்பில் போட்டோம். நீங்களும் பாராட்டினீர்கள். அந்தக் காணி இப்போது எப்படிக் கிடக்கிறது என்று சொல்லாமல் மறுபடி உங்கள் முன்னால் உண்டியலை நீட்டுவது சரியில்லை.

போன பங்குனியில் வெள்ளவத்தையிலிருந்து ஐந்து பேர் போனோம். மாங்குளத்தில் இறங்கி, முல்லைத்தீவு வீதியால் போய், ஊருக்குள் நடந்தோம். கோயில் வாசல் வரை வழி இருந்தது. ஊர்ச்சனம் விளக்கு வைக்கப் போய்வருவதால் அது மட்டும் மூடவில்லை. அதற்கு அப்பால் வாசிகசாலை அத்திவாரம், கிணறு, நாங்கள் பந்தடித்த வெளி எல்லாம் ஆளுயரப் பற்றைக்குள். கிணறு எங்கே என்று எங்களுக்குத் தெரியாதா? அதில் குளித்து வளர்ந்தவர்கள். ஆனாலும் அரை மணித்தியாலம் காட்டுக்கத்தியால் வெட்டி வெட்டிப் போயும் காணவில்லை. கடைசியில் கத்தி எதிலோ பட்டு ‘ணங்’ என்றது. இடிந்துபோன கிணற்றுக்கட்டு. இன்னும் ஒரு எட்டு வைத்திருந்தால் ஆள் உள்ளே. பக்கத்தில் ஒரு பாம்புச்சட்டை கிடந்தது. புடையனாக இருக்கும் என்று கூட வந்த ஊர் அண்ணை சாதாரணமாகச் சொல்லிவிட்டு நடந்தார். அந்தப் பக்கத்தால்தான் பிள்ளைகள் குறுக்கே பள்ளிக்கூடம் போகிறார்கள்.

2019இல் வழிக்க முதல் இருந்ததைவிட இப்போது மோசம். பிழை எங்களுடையதுதான். பெக்கோ மேலே இருந்ததை முறித்துத் தள்ளியது, வேரைக் கிளப்பவில்லை. பற்றையில் பெரும்பங்கு நாயுண்ணிச் செடி. அதை மேலால் வெட்டினால் அது சாகாது, அடிக்கட்டையிலிருந்து ஒன்றுக்கு நாலாகத் துளிர்க்கும். அந்த வருடம் மாரிக்குப் பிறகு ஒரு தடவை போய்த் துளிரைக் கிளப்பியிருந்தால் கதை வேறு. 2020இல் கொரோனா, ஊரடங்கு, பஸ் இல்லை என்று எங்களிடம் காரணங்கள் இருக்கின்றன. நாயுண்ணிக்கு ஊரடங்கு இல்லை. அதைவிடப் பெரிய பிழை, மெசினின் சக்கரத்தை நாங்கள் கழுவச் சொல்லவில்லை. அதற்கு முன் எங்கள் காணியில் பார்த்தீனியம் என்ற களை இருந்ததாக யாருக்கும் நினைவில்லை. இப்போது மெசின் ஏறி இறங்கிய தடம் நெடுகிலும் அதுதான் நிற்கிறது.

கொழும்பில் தொடர்மாடியில் இரண்டு பூச்சட்டிக்குத் தண்ணீர் ஊற்றுகிற நம் பிள்ளைகளுக்காக ஒரு விளக்கம். பற்றை எல்லாமே ஒன்றல்ல. சூரை, காரை, ஈச்சை எல்லாம் எங்கள் மண்ணின் பற்றை. அதற்குள் பாலைக்கன்றும் வீரைக்கன்றும் ஒதுங்கி வளரும். குருவிக்கும் உடும்புக்கும் அதுதான் வீடு. அதில் நாங்கள் பெரிதாகக் கை வைக்கப்போவதில்லை. எங்கள் கணக்கு வந்தேறிகளோடு. நாயுண்ணி அமெரிக்கக் கண்டத்திலிருந்து பூந்தோட்ட அழகுக்காக வந்த செடி. மஞ்சளும் சிவப்புமாகப் பூ வடிவாகத்தான் இருக்கும், இலையைக் கசக்கினால் ஒரு வாடை. மாடு தின்றால் ஈரல் கெடும். கறுத்த பழத்தைக் குருவி தின்று எச்சமிட்ட இடமெல்லாம் புதுச்செடி. கினிப்புல் அடுத்தது. காய்ந்தால் தீக்குச்சி மாதிரி எரியும், எரிந்த அடியிலிருந்தே முளைக்கும்.

பார்த்தீனியம்தான் எல்லாவற்றையும்விடக் கெட்டது. கரட் இலை மாதிரி இலை, அரிசிப்பொரி சிதறியது மாதிரி வெள்ளைப் பூ. முளைத்து ஒன்றரை மாதத்துக்குள் பூத்துவிடும். ஒரு செடி பதினைந்தாயிரத்துக்கு மேல் விதை போடும், அந்த விதை வருடக்கணக்கில் மண்ணுக்குள் காத்திருக்கும். மாடு தின்றால் பால் கசக்கும். மனிதருக்குத் தோல் அரிப்பு, இழுப்பு. இந்திய அமைதிப்படைக் காலத்தில் ஆடுகளோடு வந்தது என்று வன்னியில் சொல்வார்கள். எங்கள் ஐவரில் ஒருவர் “இது என்ன பெரிய விசயம்” என்று வெறுங்கையால் பத்துச் செடி பிடுங்கினார். அடுத்த பத்து நாள் கொள்ளுப்பிட்டி அலுவலகத்தில் முழுக்கைச் சட்டைக்குள் சொறிந்துகொண்டிருந்தார். அவர்தான் இப்போது குழுவின் பொருளாளர். கையுறைக்குக் காசு ஒதுக்க வேண்டும் என்று முதலில் எழுதியவரும் அவரே.

அதனால் இந்த முறை ஒருதரம் வெட்டிப்போட நாங்கள் காசு கேட்கவில்லை. ஆவணி, புரட்டாதியில் நிலம் காய்ந்திருக்கும்போது ஆட்களை வைத்து அலவாங்கும் மண்வெட்டியுமாக நாயுண்ணியை வேரோடு கிளப்புவது. பெரிய கட்டைகளுக்கு மட்டும் பெக்கோ, அதுவும் வீதியிலேயே சக்கரம் கழுவி உள்ளே விடுவது. மழை விழுந்து கார்த்திகை, மார்கழியில் பார்த்தீனியம் முளைத்து வரும்போது, பூக்க முதல், ஈர மண்ணில் இழுத்தால் வேரோடு வரும். தையில் மறுபடி ஒரு சுற்று. இதையே மூன்று மாரி தொடர்ந்து செய்தால்தான் மண்ணுக்குள் கிடக்கும் விதை குறையும். வெறுந்தரையாக விட்டால் திரும்பவும் அதுவே வரும், ஆகவே எல்லையில் கிளுவைக் கதியால், உள்ளே வேம்பு, நாவல், இலுப்பைக் கன்றுகள்.

மருந்தடித்தால் ஒரு கிழமையில் முடியுமே என்று கனடாவிலிருந்து ஒரு மாமா கேட்டார். மேலே நிற்பது வாடும்தான். ஆனால் காணிக்குள் கிணறு இருக்கிறது, பின்னால் குளம் இருக்கிறது. கிளைபோசேட் என்ற களைகொல்லியை 2015இல் தடைசெய்ததும் பிறகு தளர்த்தியதும் தெரிந்ததே. சட்டம் எப்படியிருந்தாலும் அந்தத் தண்ணீரைக் குடிக்கிறவர்கள் நாங்கள் இல்லை, ஊரில் இருப்பவர்கள். அவர்கள் வேண்டாம் என்றார்கள், பேச்சு அதோடு முடிந்தது. கொளுத்திவிடுவதும் இல்லை. கண்ணிவெடி அகற்றுபவர்கள் பார்த்து விடுவித்த காணிதான். என்றாலும் மண்ணுக்குள் இரும்பாக ஏதும் தென்பட்டால் தொடாமல் வேலையை நிறுத்திப் பொலிசுக்குச் சொல்வது என்று பேசி வைத்திருக்கிறோம். கோயில் பரிபாலன சபையின் கடிதம் கிடைத்துவிட்டது, கிராம அலுவலருக்கும் அறிவித்தாயிற்று. பாலை, முதிரை மரங்களுக்குச் சிவப்புத் துணி கட்டிவிட்டோம், கத்தி படாது.

இனிக் கணக்கு. முதல் துப்புரவுக்குப் பத்துப் பேர் பன்னிரண்டு நாள், ஆளுக்கு நாட்கூலி 3,500 ரூபாய்: 420,000. பெக்கோ பதினைந்து மணித்தியாலம், மணிக்கு 7,000: 105,000. அதன் பிறகு வருடத்துக்கு இரண்டு தடவை, தடவைக்கு ஆறு பேர் நாலு நாள் என்று மூன்று வருடம்: 504,000. கையுறை, வேலைக் கருவிகள், கன்று, கிணற்றுக்குக் கம்பிமூடி: 71,000. மொத்தம் 11 இலட்சம். கையில் இருப்பது 235,000, சேர வேண்டியது 865,000. சாப்பாட்டுச் செலவு இதில் இல்லை, சமையல் தங்கள் பொறுப்பு என்று ஊர்ப் பெண்கள் சொல்லிவிட்டார்கள்.

3,500 ரூபாய் தந்தால் ஒரு ஆளின் ஒரு நாள். அதையே அலகாக வைத்துக் கேட்கிறோம்: ஒரு நாளோ, பத்து நாளோ, உங்கள் வசதி. அரை நாள் தந்தாலும் பற்றுச்சீட்டு உண்டு. கூலி முழுவதும் ஊர்ப் பிள்ளைகளுக்கே போகும், வெளியாட்கள் இல்லை. மூன்று வருடப் பராமரிப்புக் காசைத் தனிச் சேமிப்புக் கணக்கில் போடுகிறோம். கொழும்பில் ஒருவர், ஊரில் ஒருவர் என இரண்டு கையொப்பம் இல்லாமல் அதில் ஒரு சதமும் எடுக்க முடியாது. முதல் வருட உற்சாகத்தில் அதையும் செலவழித்துவிடுவோம் என்ற பயம் எங்களுக்கே இருக்கிறது. பில்கள் கோயில் அறிவித்தல் பலகையிலும் ஊர் வட்ஸ்அப் குழுவிலும் போடப்படும். இந்த முறை வெறுந்தரைப் படம் போடமாட்டோம். ஒவ்வொரு தையிலும் அதே கிணற்றடியில் நின்று எடுத்த படம் வரும், முளைத்திருந்தால் முளைத்ததும் தெரியும்.

காசு ஆடி முடிவதற்குள் வந்தால்தான் ஆவணியில் தொடங்கலாம். பிந்தினால் மழை முந்திவிடும். கணக்கு இலக்கம் உங்கள் பகுதிக் குழு உறுப்பினரிடம் இருக்கிறது. வேறு யாரும் அனுப்பும் இலக்கத்துக்குத் தயவுசெய்து போட வேண்டாம்.

காசு தர வசதியில்லாதவர்கள் உடம்பைத் தரலாம். ஆவணிப் போயாவுக்கு முதல் நாள் இரவு வெள்ளவத்தையிலிருந்து சிரமதானத்துக்கு ஒரு பஸ் புறப்படும், பெயர் தந்தால் இருக்கை ஒதுக்குவோம். இழுப்பு இருக்கிறவர்கள் வர வேண்டாம். முழுக்கைச் சட்டை, நீளக் காற்சட்டை, மூடிய சப்பாத்து கட்டாயம். செருப்போடு வருபவர்கள் நேரே தேங்காய் துருவத்தான் போக வேண்டியிருக்கும்.

இப்படிக்கு,
கோயில் காணித் துப்புரவுக் குழு,
கொழும்பு