வழக்கறிஞர் சங்கங்களுக்கு ஒரு குமாஸ்தாவின் திறந்த மடல்

தமிழ்நாட்டு வழக்கறிஞர் சங்க நிர்வாகிகளுக்கு வணக்கம்.

மாவட்டத் தலைநகர் ஒன்றில் சிவில் வழக்குகள் நடத்தும் வக்கீலிடம் குமாஸ்தாவாக இருக்கிறேன். வழக்குத் தாள்களை ஆன்லைனில் ஏற்றும் இ-ஃபைலிங் வந்தபின் சில ஆபீஸ்களில் குமாஸ்தாவை நிறுத்திவிட்டார்கள். வழக்குக் கட்டு நேராகக் கோர்ட்டுக்கு எதிரே உள்ள ஸ்கேன் கடைக்குப் போகிறது. கடைக்காரர் காசு வாங்கிக்கொண்டு ஒழுங்காகவே ஏற்றித் தருகிறார். ஆனால் அந்தக் கட்டில் என்ன விட்டுப்போயிருக்கிறது என்று அவருக்கு யார் சொல்வது?

பிராது, அதாவது வழக்கு மனு, கோர்ட்டில் ஏற்கப்பட்டு நம்பர் ஆவதற்குள் பார்க்க வேண்டியவை ஏராளம். வக்கீலை நியமிக்கும் வக்காலத்தில் கையெழுத்தும் ஸ்டாம்பும், கோர்ட் பீஸ் கணக்கு, சொத்து விவரத்தில் நான்கெல்லை, கிரயப் பத்திரத்தோடு சர்வே எண் ஒத்துப்போகிறதா, மங்கிப்போன பழைய பத்திரத்துக்குத் தட்டச்சு நகல் இருக்கிறதா, எதிர்தரப்புக்குச் சம்மன் அனுப்பும் கட்டணமான பேட்டா கட்டியாயிற்றா. ஒன்று குறைந்தாலும் ரிட்டர்ன், சரிசெய்யச் சொல்லிக் கட்டு திரும்பி வந்துவிடும். சரிசெய்யக் கொடுத்த நாள் தாண்டினால் அந்தத் தாமதத்தை மன்னிக்கக் கேட்டு இன்னொரு மனு. தடையுத்தரவு கேட்டு ஓடிவந்த கட்சிக்காரர், அதற்குள் எதிராளி சுவர் எழுப்புவதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

அப்பீல் இன்னும் கடுமை. முன்சீப் கோர்ட் தீர்ப்பின் மேல் சப் கோர்ட்டுக்குப் போக 30 நாள். உயர் நீதிமன்றத்தில் போட வேண்டிய அப்பீலுக்கு 90 நாள். தீர்ப்பின் நகல் வாங்கத் தேவைப்பட்ட நாட்களைக் கழித்துக்கொள்ள 1963-ஆம் ஆண்டுக் காலவரம்புச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு இடம் தருகிறது. எந்த நாட்கள் கழியும் என்பதை நகலிலேயே குறித்திருப்பார்கள்: மனு போட்ட நாள், நகலுக்கான ஸ்டாம்பைக் கோர்ட் கேட்ட நாள், கட்டிய நாள், நகல் தயாரான நாள், வாங்கிய நாள். ஸ்டாம்ப் கேட்டதைக் கவனிக்காமல் விட்ட நாட்கள் கழியாது. தயாரான நகலை வாங்காமல் கிடப்பில் போட்ட நாட்களும் கழியாது. கெடு முடிந்தபின் நகல் மனு போட்டால் கழிக்க எதுவுமே இல்லை. இதற்காகத்தான் தீர்ப்பு சொன்ன கையோடு நகல் மனு போட்டுவிட்டு, நகல் பிரிவு வாசலைத் தினமும் ஒரு நடை எட்டிப் பார்க்கிறோம். 5-ஆம் பிரிவில் தாமதத்தை மன்னிக்கக் கேட்கலாம்தான். கிடைக்கும் என்று எந்தக் கட்சிக்காரருக்கும் யாரும் உறுதி சொல்ல முடியாது.

எனக்குத் தெரிந்த ஓர் ஆபீஸில், குமாஸ்தா போனபின் இதைப் பார்க்க ஆளில்லை. கணவரை இழந்த ஓர் அம்மா சொத்தில் பங்கு கேட்ட பாகவழக்கின் அப்பீல், தாமத மனுவைச் சுமந்துகொண்டுதான் உள்ளே போனது. தாமத மனு நம்பராகி, எதிர்தரப்புக்கு நோட்டீஸ் போய், அவர்கள் ஆட்சேபணை போட்டு, வாய்தா மேல் வாய்தா. அப்பீலின் முதல் பக்கத்தை இன்னும் எந்த நீதிபதியும் புரட்டவில்லை.

இ-ஃபைலிங் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது நல்லது, கட்டு தொலைந்தது என்ற பேச்சே இனி வரக்கூடாது. எங்களையும் அதற்குள் கொண்டுவாருங்கள் என்றுதான் கேட்கிறேன். உங்கள் சங்கக் கட்டடத்திலேயே குமாஸ்தாக்களுக்குத் தமிழில் பயிற்சி வையுங்கள்: பி.டி.எஃப். கோப்பில் பக்க எண்ணும் புக்மார்க்கும் போடுவது, இ-பேமென்டில் கோர்ட் பீஸ் கட்டுவது, ஆன்லைனில் ரிட்டர்ன் வந்ததைப் பார்ப்பது. பழைய ஆட்களுக்கு இதெல்லாம் வராது என்று நீங்களாக முடிவு கட்டாதீர்கள். சொல்லிக்கொடுத்தால் வரும். கடைக்காரரிடம் உங்கள் பாஸ்வேர்டைக் கொடுத்து வைத்திருக்கும் வழக்கத்தையும் தயவுசெய்து நிறுத்துங்கள். அதில் இருப்பது கட்சிக்காரரின் குடும்ப ரகசியம்.

இன்னொன்று. வக்கீல் குமாஸ்தாக்களின் நலநிதிக்கென்று தமிழ்நாட்டில் 1999-இல் தனிச் சட்டமே வந்தது. ஆனாலும் பதிவில்லாமல், நலநிதியில் சேராமல் வயதாகிப்போனவர்கள் எங்களில் இருக்கிறார்கள். அடுத்த பொதுக்குழுவில் ஒவ்வொரு உறுப்பினரிடமும் கேளுங்கள்: உங்கள் குமாஸ்தாவைப் பதிவு செய்துவிட்டீர்களா?

இப்படிக்கு,
ஒரு வக்கீல் குமாஸ்தா