வெள்ளைக் கரடியைக் கறுப்புக் கரடிதான் சுமக்கிறது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கனடாவின் வெள்ளைக் கரடிகள் குறித்துச் சென்ற இதழில் வந்த கட்டுரையில் இரண்டு பிழைகள். ஒன்று சிறியது. அந்தக் கரடிகள் 'அல்பினோ', அதாவது பிறவியிலேயே நிறமி இல்லாதவை, அல்ல. அல்பினோவுக்குக் கண்ணிலும் மூக்கிலும் நிறமி இருக்காது; இவற்றுக்கு இருக்கிறது. பிரிட்டிஷ் கொலம்பியக் கடலோரத்தில், முக்கியமாகக் கிரிபெல், பிரின்சஸ் ராயல் தீவுகளில் வாழும் இந்தக் கெர்மோடி கரடி, அமெரிக்கக் கருங்கரடியின் துணையினம். எம்.சி.1.ஆர். என்ற மரபணுவில் நேர்ந்த ஒரே ஒரு மாற்றம்தான் ரோமத்தை வெளுக்க வைக்கிறது என்பது 2001-லேயே தெரிந்துவிட்டது.

வெள்ளைக் கரடிகளைச் சுடாமல் விட்டாலே இனம் பிழைத்துவிடும் என்று கட்டுரை சொல்வதுதான் பெரிய பிழை. இது ஒடுங்கு பண்பு. தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்தால்தான் குட்டி வெள்ளையாகும். இரண்டுமே கறுப்பாக இருந்து, இரண்டுமே அந்த மரபணுவைச் சுமந்தால், ஒவ்வொரு குட்டிக்கும் நாலில் ஒரு வாய்ப்பு உண்டு. கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரு தீவில் நூற்றுக்குப் பத்து வெள்ளை என்றால், இணைசேர்தல் நிறம் பாராமல் நடக்கும் பட்சத்தில், மீதித் தொண்ணூறு கறுப்பில் சுமார் 43 அந்த மரபணுவைச் சுமக்கும். எது சுமக்கிறது என்று துப்பாக்கி பிடித்தவருக்கு எப்படித் தெரியும்? வெள்ளையைச் சுடத் தடை இருந்தும் கறுப்பைச் சுட அனுமதித்ததில் இருந்த ஓட்டை இதுதான். அங்குள்ள கிட்டாசூ சைசைஸ், கிட்காட் என்ற பழங்குடி மக்களின் நிலப்பகுதிகளில் கருங்கரடி வேட்டையை அரசு நிறுத்தியது 2022-இல்தான். என் பார்வையில் அது மிகத் தாமதம். ஏனென்றால், இந்த மரபணு நினைத்ததைவிட அரிது, அது செறிந்திருக்கும் இடங்களில் ஏறக்குறையப் பாதி பாதுகாக்கப்பட்ட பகுதிக்கு வெளியே கிடக்கிறது என்று அம்மக்களும் சேர்ந்து நடத்திய ஆய்வு 2020-லேயே சொல்லிவிட்டது.

கரடிகள் தின்னும் சால்மன் மீனைப் பற்றிக் கட்டுரையில் ஒரே வரி. பகல் வெளிச்சத்தில் வெள்ளைக் கரடி கறுப்பைவிட அதிக மீன் பிடிக்கிறது; நீருக்கடியிலிருந்து பார்க்கும் மீனுக்கு வானத்தின் பின்னணியில் வெள்ளை எடுப்பாகத் தெரிவதில்லை. இருட்டியபின் அந்த அனுகூலம் போய்விடும். இலையுதிர் காலத்தில் தின்று சேர்க்கும் கொழுப்பை நம்பித்தான் பெட்டை குட்டி போடுகிறது. கோடையில் கருவுற்ற முட்டை கருப்பையில் ஒட்டாமல் மாதக்கணக்கில் காத்திருக்கும். உடலில் கொழுப்புப் போதாவிட்டால் ஒட்டாமலே அழிந்துவிடும். மீன் வராத வருடத்தின் விளைவு அடுத்த வசந்தத்தில் குட்டிகளின் எண்ணிக்கையில் தெரியும். ஓடைக்கரை மரங்களை வெட்டினால் நிழல் போய் நீர் சூடாகிறது, வண்டல் இறங்கிச் சரளைக் கற்களின் இடுக்கை அடைக்கிறது, உள்ளே கிடக்கும் சால்மன் முட்டை மூச்சுமுட்டிச் சாகிறது.

குளிர்கால வளையும் மரத்தைச் சார்ந்ததே. மழை கொட்டும் அந்தக் கரையில் மண்ணில் தோண்டிய குழியில் நீர் புகுந்துவிடும் என்பதால், கரடிகள் பெருமளவு நம்புவது முதிர்ந்த மரங்களின் பொந்துகளையும் வேரடிக் குகைகளையும். கரடி நுழையும் அளவு பொந்து விழ ஒரு செடார் மரத்துக்குப் பல நூற்றாண்டு ஆகும். வெட்டி நட்டு, வளர்ந்ததும் மறுபடி வெட்டும் காட்டில் அது ஒருநாளும் உருவாகாது. 2016 ஒப்பந்தப்படி இதே கடலோரத்தில் 64 லட்சம் ஹெக்டேர் பரப்பிலுள்ள 'கிரேட் பேர்' மழைக்காட்டில் 85 சதவீதக் காட்டை வெட்ட முடியாது. பெரிய சாதனைதான். ஆனால் வெட்ட விட்ட 15 சதவீதத்தில் இத்தகைய பொந்து மரங்கள் எத்தனை, அவற்றை வெட்டுமுன் அடையாளமிட்டு ஒதுக்குகிறார்களா என்று உங்கள் கட்டுரையாளர் கேட்டிருக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்