மரப்படத்தைத் திருத்துங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் வந்த மொழிக் கட்டுரையில், ஐரோப்பிய மொழிகளுக்கெல்லாம் தாய் சமஸ்கிருதமே என்று 1786-ல் கல்கத்தாவில் நீதிபதியாக இருந்த ஆங்கிலேயர் வில்லியம் ஜோன்ஸ் நிரூபித்துவிட்டதாக ஒரு வரி. அதற்கு அரைப் பக்க வண்ணப்படம் வேறு, வேரில் சமஸ்கிருதம், கிளைகளில் கிரேக்கம், லத்தீன், ஆங்கிலம்.

ஜோன்ஸ் என்ன சொன்னார் என்பது உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. சமஸ்கிருதம், கிரேக்கம், லத்தீன் ஆகிய மூன்று பழைய மொழிகளும் ஒரே மூலத்திலிருந்து கிளைத்தவை, அந்த மூலம் இன்று இல்லாமலே போயிருக்கலாம் என்றுதான் கல்கத்தாவில் பேசினார். அக்கா தங்கைகள் என்பதுதான் அதற்குப் பொருள் ஐயா, தாய் என்று அவர் சொல்லவில்லை.

அவருக்குப் பின்னால் வந்த ஆய்வும் அப்படித்தான் சொல்கிறது. ‘உம்’ என்பதற்கு லத்தீனில் ‘க்வே’, சமஸ்கிருதத்தில் ‘ச’. அடுத்து எகரமோ இகரமோ இருந்த இடத்தில்தான் பழைய ககரம் இப்படிச் சகரமாகத் திரிந்தது. அப்படியானால் அந்த இடத்தில் முன்பு எகரம் இருந்து, பிற்பாடு அகரமாகியிருக்கிறது. லத்தீனிலும் கிரேக்கத்திலும் அந்தப் பழைய எகரம் இன்னும் நிற்கிறது. அதை இழந்துவிட்ட சமஸ்கிருதம் அவற்றுக்குத் தாயாக முடியுமா? 1870-களிலேயே முடிந்த வழக்கு இது. துருக்கியில் போகாஸ்கோய் என்ற இடத்தில் கிடைத்த பழைய களிமண் பலகைகளைச் செக் அறிஞர் ஹ்ரோஸ்னி 1915-ல் படித்துக் காட்டியபோது, “ரொட்டியைத் தின்பீர்கள், தண்ணீரைக் குடிப்பீர்கள்” என்ற வரியில் தண்ணீருக்கு ‘வாதார்’ என்று இருந்தது. பலகைகளில் இருந்த இந்த ஹிட்டைட் மொழியும் சமஸ்கிருதம், லத்தீனின் அதே குடும்பம். சமஸ்கிருதத்தில் மறைந்துபோன தொண்டை ஒலி ஒன்று இதில் எழுத்திலேயே இருக்கிறது. உங்கள் மரத்தில் இதற்கு ஒரு கிளைகூட இல்லை.

ஜோன்ஸுக்கு 19 ஆண்டு முன்பே, 1767-ல், இந்த ஒற்றுமைகளைப் பட்டியலிட்டுப் பாரிசுக்கு எழுதியவர் புதுச்சேரியில் இருந்த கேர்தூ என்ற ஏசுசபைப் பாதிரியார். அது அச்சேறியதே 1808-ல்தான். தமிழ்ப் பத்திரிகை அவரை ஒரு வரியாவது நினைக்க வேண்டாமா? இதைப் பற்றி முன்பே எழுதினேன். கடிதம் கிடைத்தது என்றுகூடப் பதில் இல்லை.

இதனால் என்ன கெட்டுவிட்டது என்று நினைக்காதீர்கள். என் மகள் படித்த போட்டித் தேர்வுப் பயிற்சி மையத்தின் குறிப்பேட்டில் ஐரோப்பிய மொழிகளுக்குத் தாய் எது என்ற கேள்விக்கு ‘சமஸ்கிருதம்’ என்றே விடை போட்டிருந்தார்கள். நேரில் போய்ச் சொன்னேன். அங்கிருந்தவர் ஒரு கோப்பைத் திறந்து, உங்கள் பத்திரிகையின் பழைய துண்டு ஒன்றை எடுத்து என் முன்னால் வைத்தார். பேசாமல் திரும்பி வந்தேன். கொஞ்ச நாள் கழித்து அதே இணைப்பில் லத்தீனுக்கும் கிரேக்கத்துக்கும் தமிழ்தான் தாய் என்று இன்னொரு கட்டுரை! தமிழ் வேறு குடும்பம் என்பதை 1816-லேயே சென்னையில் இருந்த ஆங்கிலேய அதிகாரி எல்லிஸ் எழுதிவிட்டாரே. காலமெல்லாம் தமிழ் சொல்லிக்கொடுத்த எனக்கு, தமிழைத் தூக்கி வைப்பதாக நினைத்துச் செய்த இந்தக் காரியம்தான் அதிகமாக வலித்தது.

இந்தக் கடிதம் முழுவதையும் போட வேண்டாம். வருகிற ஞாயிறு அதே பக்கத்தில், கண்ணில் படும் எழுத்தில், இரண்டு வரித் திருத்தம் போடுங்கள். படத்தின் வேரில் மறைந்துபோன அந்த மூலத்துக்கு ஆய்வாளர்கள் வைத்த பெயரான ‘மூல இந்தோ-ஐரோப்பியம்’ என்று மாற்றி, சமஸ்கிருதத்தைக் கிளையில் வைத்து மறுபடி அச்சிட்டால் போதும், அந்தப் பக்கத்தை மையத்தில் கொண்டுபோய்க் கொடுத்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர்,
கும்பகோணம்.