வாக்குச்சீட்டு வந்தது, காணி உறுதி வரவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

2020இல் அமெரிக்காவின் மினியாபொலிஸில் ஜோர்ஜ் புளொய்ட் பொலிஸாரால் கொல்லப்பட்டபோது நம் இளைஞர்களும் முகநூலில் கொதித்தார்கள். நல்லதுதான். ஆனால் அங்குள்ள போராட்டத்தைப் பொலிஸ் அடாவடியோடு மட்டும் நிறுத்திப் பார்க்க முடியாது. 1930களிலேயே கறுப்பினத்தவர் வாழ்ந்த பகுதிகளை வரைபடத்தில் சிவப்பாகக் குறித்து, வீட்டுக்கடன் தராமல் ஒதுக்கினார்கள். வீட்டு விற்பனையிலும் வாடகையிலும் பாகுபாட்டைத் தடைசெய்யும் சட்டம் 1968இல்தான் வந்தது. அதற்குள் சொத்துச் சேர்க்கும் வாய்ப்பு ஒரு தலைமுறைக்கே பறிபோயிருந்தது.

இலங்கைத் தேயிலைத் தோட்டங்களின் மலையகத்தாருக்கு இது புதுக்கதையா என்ன? 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் நம் தாத்தா பாட்டிமாரை நாடற்றவர்களாக்கியது. நாடற்றவர்களாகவே மிச்சமிருந்தவர்களுக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம் குடியுரிமை தந்தது. சரி, காணி? இன்றும் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயங்கள் பலவற்றில் குடும்பத்துக்கெனத் தனி முகவரி கிடையாது. கடிதம் தோட்டத்து அலுவலகத்துக்குத்தான் வருகிறது. நேர்முகப் பரீட்சைக் கடிதம் நாள் கடந்து கைக்கு வந்தால் யாரிடம் போய்க் கேட்பது? கடனுக்குப் போனால் வங்கியில் காணி உறுதி, அதாவது நிலத்தின் உரிமைப் பத்திரம், கேட்கிறார்கள். சம்பள உயர்வுக்குக் குரல் கொடுக்கும் அளவுக்குத் தொழிற்சங்கங்கள் காணி உறுதிக்குக் கொடுப்பதில்லை என்பது என் மனக்குறை. தேர்தல் மேடையில் மட்டும் ‘ஏழு பேர்ச் காணி’ என்ற வாக்குறுதி வந்து போகிறது.

இப்படிக்கு,
ஒரு வாசகர், ஹட்டன்