மேல்மாடியில் இயங்கும் கொடுப்பனவுக் கருமபீடத்தைத் தரைத்தளத்துக்கு மாற்றித் தருமாறு கோரல்

மாவட்டச் செயலாளர் / அரசாங்க அதிபர்,
மாவட்டச் செயலகம்,
கிளிநொச்சி.

ஊடாக: பிரதேச செயலாளர், கரைச்சி.

மதிப்பிற்குரிய அரசாங்க அதிபர் அவர்கட்கு,

இரணைமடுக் குளத்தின் கீழுள்ள கிராமங்களில் வாழும், கீழே கையொப்பமிட்டுள்ள நாம், நகரிலுள்ள அரச அலுவலகம் ஒன்றில் மாற்றுத்திறனாளிகளினதும் முதியோரினதும் கொடுப்பனவு விண்ணப்பங்களை ஏற்கும் கருமபீடம் முதலாம் மாடியில் இயங்குவதையும், அங்கு செல்வதற்குப் படிக்கட்டைத் தவிர வேறு வழியில்லாதிருப்பதையும் தங்கள் மேலான கவனத்துக்குக் கொண்டுவருகின்றோம்.

போரிலும் கண்ணிவெடியிலும் காலை இழந்தோர் எமது கிராமங்களில் பலர் உள்ளனர். முழங்காலுக்கு மேலே பொய்க்கால் பூட்டியவர் நல்ல காலை மேற்படியில் ஊன்றி, மற்றதை இழுத்து அதன் பக்கத்தில் சேர்த்த பின்னரே அடுத்த படிக்குப் போகலாம். இறங்கும்போது பொய்க்காலே முதலில் இறங்குவதால் கைபிடியின்றி அவரால் இயலாது. இவ்வலுவலகத்திலோ கைபிடி ஒரு பக்கத்தில் மட்டுமே உண்டு. அதுவும் படிக்கட்டு திரும்புமிடத்தில் நின்றுவிடுகின்றது. சிரமப்பட்டு ஏறியவரிடம் அடையாள அட்டையின் பிரதி ஒன்று குறைகின்றது, கீழே கடையில் எடுத்து வாருங்கள் என்று சொன்னால், அவர் அன்று மீண்டும் ஏறுவதில்லை. சக்கர நாற்காலியில் வருவோரை உறவினர் தூக்கிச் செல்கின்றனர். தூக்க ஆளில்லாதவர் வாசலில் காத்திருக்க, அவருடைய பத்திரங்கள் மட்டும் மேலே போய் வருகின்றன.

கொழும்பில் நிலம் அரிது. ஆகவே வெள்ளவத்தைத் தொடர்மாடிகளிலும் கோட்டைப் புகையிரத நிலைய மேம்பாலத்திலும் படியேறுவது அங்குள்ளோருக்கு அன்றாடம். மருத்துவத்துக்காகச் செல்லும் எம்மவரும் அதைச் சகித்துக்கொள்கின்றனர். வன்னியில் அந்த நெருக்கடி இல்லை. இவ்வலுவலகத்தின் தரைத்தளத்திலேயே பழைய கோப்புகள் அடுக்கிய விசாலமான அறை ஒன்று உள்ளது. கோப்புகளை மேலே ஏற்றினால் அவை முறையிடப் போவதில்லை.

1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்க, மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் சட்டத்தின் கீழ் 2006இல் பொதுக் கட்டடங்களுக்கான அணுகு வசதி ஒழுங்குவிதிகள் ஆக்கப்பட்டதையும், புதிய பொதுக் கட்டடங்கள் அவற்றுக்கு அமைய வேண்டுமென 2011இல் உயர் நீதிமன்றம் பணித்ததையும் தாங்கள் அறிவீர்கள்.

எனவே, மேற்படி கருமபீடத்தை அந்தக் கோப்பறைக்கு மாற்றுமாறும், வாயிற்படியின் அருகே 1 அடி உயரத்துக்கு 12 அடிக்குக் குறையாத நீளத்தில் சாய்தளம் ஒன்றை அமைக்குமாறும் பணிவுடன் வேண்டுகின்றோம். அதைவிடச் செங்குத்தாகக் கட்டினால் நாற்காலியில் இருப்பவர் துணையின்றி ஏறுவது கடினமாகிவிடும். இவை நிறைவேறும் வரை, விண்ணப்பம் ஏற்கும் நாட்களில் உத்தியோகத்தர் ஒருவர் கீழே வந்து அமர்ந்தாலே பெரும்பாலான சிரமம் நீங்கும். அதற்கு ஒரு மேசையும் இரண்டு கதிரைகளும் போதும்.

அலுவலகத்தின் பெயரை இம்மனுவில் தவிர்த்துள்ளோம். தாங்கள் நேரம் ஒதுக்கித் தந்தால் எமது பிரதிநிதிகள் நேரில் வந்து விபரம் தெரிவிப்பர்.

இவ்வண்ணம்,
கையொப்பமிட்டுள்ள கிராம மக்கள்.

பிரதி: மாவட்ட சமூக சேவைகள் உத்தியோகத்தர், கிளிநொச்சி.