தென்னாப்பிரிக்கத் தகவல் ஒழுங்குமுறை ஆணையத்துக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் டர்பன் சாட்ஸ்வர்த்திலிருந்து ஒரு தாயின் வணக்கம்.

பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளையின் தனிப்பட்ட தகவலை, சில விலக்குகள் நீங்கலாக, பெற்றோரின் முன் இசைவின்றிக் கையாளலாகாது என்று போப்பியா எனும் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தின் 34, 35ஆம் பிரிவுகள் சொல்வதை உங்களுக்கு எடுத்துரைக்கத் தேவையில்லை. ஆனால் இன்ஸ்டாகிராமும் டிக்டாக்கும் 13 வயதிலேயே கணக்குத் திறக்க விடுகின்றன. என் மகள் கணக்குத் திறந்தபோது என் இசைவை எவரும் கேட்கவில்லை.

தைப்பூசக் காவடியன்று பாவாடை தாவணியில் எடுத்த அவள் படத்தை, பள்ளிப் பிள்ளைகளைக் கேலி செய்வதற்கென்றே யாரோ பெயர் மறைத்து நடத்தும் பக்கமொன்றில் போட்டு, அவள் நிறத்துக்கும் உடம்புக்கும் மதிப்பெண் போட வைத்தார்கள். தளத்திடம் புகார் கொடுத்தேன், விதிமீறல் இல்லை என்று ஒற்றை வரியில் பதில் வந்தது. கைப்பேசியைப் பிடுங்கி வைத்தால் யார் என்ன எழுதினார்களோ என்று தவிக்கிறாள். திருப்பிக் கொடுத்தால் போர்வைக்குள் அதே பக்கத்தைத் திறந்து எண்ணிக்கையைப் பார்க்கிறாள். புரட்டாசிச் சனிக்கிழமைகளில் எங்களுக்கு முன்பே கோயிலுக்குக் கிளம்பி நிற்பவள், இந்த மாதம் வாசலைத் தாண்டவில்லை.

அதே சட்டத்தின் 99ஆம் பிரிவின்படி, பாதிக்கப்பட்டவர் கேட்டுக்கொண்டால் ஆணையமே இழப்பீடு கோரி வழக்குத் தொடரலாம். இத்தளங்கள் மீது தொடருங்கள் என்பதே எங்கள் கோரிக்கை. பிள்ளைகளைக் கட்டிப்போடும் வகையில் தளங்களை வடிவமைத்ததாகக் குற்றஞ்சாட்டி, அமெரிக்காவில் 40க்கும் மேற்பட்ட மாநிலங்கள் 2023 அக்டோபரில் இன்ஸ்டாகிராமை நடத்தும் மெட்டா நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்தன. நம் நாட்டிலும் 2025 ஜூலையில், பள்ளிப் பிள்ளைகளைப் பற்றிய ஆபாசப் பதிவுகளைப் பரப்பிய கணக்குகளை நீக்குமாறு ஜொகனஸ்பர்க் உயர்நீதிமன்றம் அதே நிறுவனத்துக்கு உத்தரவிட்டது. அந்த வழக்கைத் தொடுத்தது ஒரு தனியார் சட்ட நிறுவனம். சட்டமே அதிகாரம் தந்திருக்கும் ஆணையம் ஏன் முன்வரக் கூடாது?

கண்டிப்பாக வளர்க்கவில்லை என்று பழி மட்டும் பெற்றோர் தலையில் விழுகிறது. இப்போது கேட்பது வழக்கு ஒன்றுதான்.

ஜனவரியில் அடுத்த கல்வியாண்டு தொடங்குவதற்குள், வழக்குத் தொடர முடியுமா, முடியாதெனில் எந்தச் சட்டக் காரணத்தால் என்பதை எழுத்துமூலம் தெரிவிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
சாட்ஸ்வர்த் தாய் ஒருத்தி