அடுத்தவன் தோட்டத்து மோட்டார்

பல்லடம்
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள சண்முகம்,

பேத்தி பிறந்த சேதி கேட்டதும் வசந்தா அன்றைக்கே கோயிலுக்குப் போய் விளக்குப் போட்டுவிட்டு வந்தாள். குழந்தை உன் அம்மா சாடை என்று எழுதியிருக்கிறாய். மூக்கு மட்டும் உன்னுடையதாக இல்லாமலிருந்தால் சரி. இங்கே எல்லாரும் நலம். என் முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது. பட்டறைக்கு மோட்டார் வரத்துக் குறைந்துவிட்டது. காயில் கட்டுகிற கூலியோடு இன்னும் கொஞ்சம் போட்டுப் புதிதாகவே வாங்கிவிடுகிறார்கள்.

நீ அனுப்பிய தாளைப் பார்த்தேன், பிட்காயின் சுரங்கத்தில், அதாவது அந்த டிஜிட்டல் காசை எடுக்கிற கம்ப்யூட்டர் மெஷினில், பணம் போடுவது பற்றி உன் அக்கா மகன் போட்ட கணக்கை. ஃபோனில் சொன்னால் பாதியிலேயே "சரி சரி, புரியுது" என்று வெட்டிவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

3 லட்சம் கட்டினால் 200 டெராஹாஷ் (மெஷின் கணக்குப் போடுகிற வேகத்தின் அளவு), இரண்டு வருஷத்துக்கு. மெஷின் அவர்கள் ஷெட்டில் ஓடும். நீ வீட்டில் உட்கார்ந்திருக்க, தினம் 720 ரூபாய்க்கான பிட்காயின் கணக்கில் விழும். அதை 730 நாளால் பெருக்கி 5,25,600 என்று கீழே இரண்டு கோடு போட்டு வைத்திருக்கிறான். பெருக்கலில் தப்பில்லை. முதல் நாள் வரவை எடுத்துக் கடைசி நாள் வரைக்கும் இழுத்ததுதான் தப்பு.

இதுவரை உன்னிடம் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். 2017 நவம்பரில் நானும் இப்படி 1 லட்சம் கட்டினேன். கம்பெனி பெயர் எதற்கு, விடு. முதல் மாதம் காலையில் பல் துலக்குவதற்கு முன்பே ஃபோனை எடுத்து அந்த எண்ணைப் பார்ப்பேன். புள்ளிக்குப் பின்னால் மூன்று சைபர், அதற்கப்புறம் ஏதோ ஒரு எண். ராத்திரி நான் தூங்கும்போது யாரோ எனக்காக உழைத்திருக்கிறான் என்று ஒரு பூரிப்பு. வசந்தா அடுப்பிலிருந்து "பால் பொங்குது, பாருங்க" என்று கத்தினாலும் காதில் விழாது. பொங்கல் முடிந்ததிலிருந்து எண் சிறுத்துக்கொண்டே வந்தது. மார்ச்சில் பாதிக்கும் கீழே. ஜூனில் ஒரு நாள் பார்த்தால், வரவைவிடப் பராமரிப்புக் கட்டணம் அதிகம், அன்றைய வரவு பூஜ்யம். அப்படியே சில வாரம் போனால் ஒப்பந்தத்தை நிறுத்திக்கொள்ளலாம் என்று அவர்கள் விதியில் இருந்தது. நிறுத்திவிட்டார்கள். யாரும் ஏமாற்றவில்லை, கையெழுத்துப் போட்டவன் நான்தான்.

வந்தது மொத்தம் 0.09 பிட்காயின். ரிசர்வ் வங்கி அந்த ஏப்ரலில்தான் கிரிப்டோ கம்பெனிகளோடு வைத்திருக்கும் உறவை மூன்று மாதத்துக்குள் முடித்துக்கொள்ளும்படி வங்கிகளுக்கு உத்தரவு போட்டிருந்தது. பயந்துபோய் நாற்பதாயிரம் சொச்சத்துக்கு விற்றேன். ஆனால் ரூபாயில் போன நஷ்டம் எனக்கு அவ்வளவாக உறுத்தவில்லை. நான் பணம் கட்டிய அன்று ஒரு காயின் 5 லட்சத்தை ஒட்டி இருந்தது. அந்த 1 லட்சத்துக்குக் காயினாகவே வாங்கியிருந்தால் அன்றைக்கே 0.2 என் கையில். தோண்டித் தோண்டி எடுத்தது அதில் பாதிகூட இல்லை. இது எனக்கு உறைக்கவே இரண்டு வருஷம் ஆயிற்று.

ஏன் சிறுக்கிறது என்று நீ கேட்பாய். நம் ஊர் ஆளுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். உலகம் முழுக்க எத்தனை மெஷின் ஓடினாலும் சுமார் பத்து நிமிஷத்துக்கு ஒரு பிளாக்தான், அதாவது பிட்காயின் கணக்குப் புத்தகத்தில் ஒரு பக்கம்; அதை முடிக்கிறவனுக்குத்தான் காயின். ஒரு நாளைக்கு 144. ஒவ்வொன்றுக்கும் இப்போது 3.125 காயின். ஆக நாளொன்றுக்கு 450 காயின், அவ்வளவுதான் நீர்மட்டம். நம் பக்கத்தில் போர் போடுகிற கதைதான். நீ 5 ஹெச்.பி. மோட்டாரை இறக்கியிருப்பாய், பக்கத்துத் தோட்டத்துக்காரன் ஆயிரம் அடி போய்ப் 15 ஹெச்.பி. இறக்குவான். உன் மோட்டாருக்கு ஒன்றும் ஆகவில்லை, கரண்டைக் குடித்துக்கொண்டு ஓடத்தான் செய்யும், குழாயில் வருவது மட்டும் காற்று. பிட்காயினில் 2016 பிளாக்குக்கு ஒரு தரம், ஏறக்குறைய இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, ஓடுகிற மெஷினுக்குத் தக்கபடி கஷ்ட அளவை, அதாவது ஒரு பிளாக் எடுப்பது எவ்வளவு கடினம் என்பதை, அந்த மென்பொருளே திருத்திக்கொள்ளும். அதோடு நாலு வருஷத்துக்கு ஒரு முறை அந்த 450-ம் பாதியாகும். கடைசியாக 2024 ஏப்ரலில் ஆனது, அடுத்தது 2028-ல்.

உன் தாளுக்கே வருகிறேன். 2025-ல் உலக மெஷின் எல்லாம் சேர்த்து 100 கோடி டெராஹாஷைத் தாண்டிவிட்டது. 450 காயினை அந்த 100 கோடிக்குப் பங்கு போட்டு 200-ஆல் பெருக்கினால் 0.00009. ஒரு காயின் 80 லட்சம் என்றால் 720 ரூபாய். சரியாகத்தான் எடுத்திருக்கிறான் பையன். ஆனால் இரண்டாம் பக்கத்தில் பொடி எழுத்தில் "மின்சாரமும் பராமரிப்பும் தனி" என்று இருக்கிறதே, அதை எங்கே கழித்தான்? 200 டெராஹாஷ் கொடுக்கும் ஆன்ட்மைனர் எஸ்21 மெஷின் 3,500 வாட் இழுக்கும். நாளைக்கு 84 யூனிட். யூனிட் 6 ரூபாய் என்று வைத்தாலும் 504 போச்சு. மிச்சம் 216. இரண்டு வருஷத்துக்கு 1,57,680. போட்ட 3 லட்சத்தில் பாதிக்குக் கொஞ்சம் மேலே வரும், அதுவும் இன்று முதல் உலகத்தில் ஒருவனும் புது மெஷின் போடாமல் இருந்தால்.

"விலை ஏறினால்?" என்று கேட்பாய். கேட்டே தீருவாய், உன்னை எனக்குத் தெரியும். ஒப்பந்தம் போட்ட மறுநாளே விலை இரட்டித்து 1.6 கோடி ஆனது, மற்ற எதுவும் அசையவில்லை என்றே வைத்துக்கொள். கரண்டுக்கு விற்றது போக உனக்கு இரண்டு வருஷத்தில் 0.043 காயின் கிட்டத்தட்ட மிஞ்சும். 3 லட்சத்துக்கு இன்றைக்கே காயின் வாங்கினால் 0.0375. ஒரு நூலிழை ஜெயிக்கிறாய். ஆனால் விலை இரட்டித்தால் கிடங்கில் கிடக்கிற பழைய மெஷினெல்லாம் எழுந்து உட்காரும், புதிதுக்கும் ஆர்டர் குவியும், அந்த நூலிழையும் அறுந்துவிடும்.

இன்னொன்று, அவர்கள் ஏன் விற்கிறார்கள் என்று யோசித்துப் பார். யோக்கியமான கம்பெனியாகவே இருக்கட்டும். மெஷின் வாங்க முன்பணம் வேண்டும், விலை விழுந்தால் யாராவது தாங்க வேண்டும். அந்த யாராவது நீதான். தோப்பைக் குத்தகைக்கு விடுகிறவன் காய்ப்பு எவ்வளவு என்று தெரியாமலா தொகை சொல்லுவான்?

யோக்கியமில்லாதவர்கள் வேறு ரகம். எஸ்டோனியாவில் ஹாஷ்ஃப்ளேர் என்று ஒன்று (நான் கட்டியது அதில் இல்லை). விற்ற அளவுக்கு அவர்களிடம் மெஷினே கிடையாது, ஜனங்கள் திரையில் பார்த்த எண்ணே ஜோடனை என்று அமெரிக்க அரசு வழக்குப் போட்டது. நடத்திய இருவரும் 2025-ல் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். நம் நாட்டிலேயே கெயின்பிட்காயின். அமித் பரத்வாஜ் என்பவர் சீனாவில் சுரங்கம் ஓடுகிறது, மாதம் 10 சதவீதம், 18 மாதம் என்று சொல்லி வாங்கினார். 2018-ல் கைது, 2022-ல் ஆளே போய்விட்டார். வசூல் 6,600 கோடி என்கிறது அமலாக்கத்துறை. உன் தாளில் நிச்சய சதவீதம் எதுவும் போடாதவரைக்கும் நிம்மதி.

மெஷினை உன் பேரில் வாங்கி, கரண்ட் மலிவான ஊரில் ஒருவர் ஷெட்டில் வாடகைக்கு வைப்பது தனி விஷயம். ஓட்டினால் கட்டாது என்றால் மெஷினை விற்கவாவது முடியும். 2021-ல் சீனா சுரங்கங்களை மூடச் சொன்னபோது ஜூலையில் கஷ்ட அளவு ஒரே திருத்தத்தில் 28 சதவீதம் இறங்கியது. அந்தச் சமயத்தில் வேறு நாட்டில் மெஷின் ஓட்டியவர்கள் நன்றாகவே சம்பாதித்தார்கள். அதனால் லாபமே கிடையாது என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். சல்லிசான கரண்டும் சொந்த மெஷினும் வைத்திருப்பவனுக்கு உண்டு. ரிட்டயர்மென்ட் பணத்தோடு மொபைலில் பட்டனை அமுக்குகிற நமக்கு எங்கே?

வரியை மறந்தே போனேன். விற்கும்போது லாபத்தில் 30 சதவீதம், நஷ்டத்தை வேறு எதிலும் கழிக்க முடியாது. காயினாக வாங்கினால் வாங்கிய விலையையாவது கழித்துக்கொள்ளலாம். சுரங்கத்துக்கான கட்டமைப்புச் செலவு வாங்கிய விலையில் சேராது என்று நிதியமைச்சகம் 2022 மார்ச்சிலேயே நாடாளுமன்றத்தில் சொல்லிவிட்டது. உன் ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேள்.

பையனைத் திட்டாதே. கணக்குப் போடத் தெரிந்த பிள்ளை, மூன்றாவது மாதமும் இதே 720 வருமா என்று மட்டும் கேட்டுப் பார். தை நோம்பிக்கு அவனையும் கூட்டிக்கொண்டு வா, குழந்தையையும்தான். பட்டறைப் பரணில் ஒரு பழைய ஆன்ட்மைனர் எஸ்9 மெஷின் கிடக்கிறது. நாலு வருஷத்துக்கு முன்னால் திருப்பூர்ப் பையன் ஒருவன் பவர் சப்ளை பார்க்கச் சொல்லி வைத்துவிட்டுப் போனான். சரிசெய்து ஓட்டிக் காட்டக் கூப்பிட்டேன், மூன்று தரம் கூப்பிட்டும் வரவில்லை. சோதனைக்கு ஓட்டினபோது ஸ்பின்னிங் மில்லுக்குள் நிற்கிற மாதிரி ஒரு இரைச்சல், தகரக் கூரைக்குக் கீழே சித்திரை வெயிலோடு அந்தச் சூடும் சேர்ந்துகொண்டது. 1,300 வாட்டுக்கு மேலே தின்று 13.5 டெராஹாஷ். முன்னும் பின்னும் இரண்டு விசிறி, அதில் ஒன்றைக் கழற்றிப் பற்றவைக்கிற மேஜைமேல் புகை இழுக்க மாட்டியிருக்கிறேன். அருமையாக இழுக்கிறது.

அன்புடன்,
பழனிச்சாமி